லாக் டெர்க் யாத்திரையைச் சட்டத்தால் ஏன் ஒழிக்க முடியவில்லை?

அயர்லாந்தின் டொனகல் பகுதியில், லாக் டெர்க் ஏரியின் தீவொன்றில் இருக்கும் கத்தோலிக்கர்களின் புனித பேட்ரிக் தவத்தலம் இது. முதலில் மூடச் சொன்னது புராட்டஸ்டண்ட் அரசு அல்ல. 1497-இல் போப் ஆறாம் அலெக்சாண்டர்தான்! 1632-இல் அரசு ஆணைப்படி இடித்தார்கள். 1704 சட்டமோ யாத்திரிகருக்கு 10 ஷில்லிங் அபராதம், கட்டாவிட்டால் பொது இடத்தில் கசையடி என்றது. அப்படியும் கூட்டம் நிற்கவில்லை. இந்த வழிபாட்டின் பெரும்பகுதிக்குக் கட்டடமே தேவையில்லை என்பது ஒரு காரணம். படகில் போய், வெறுங்காலோடு கல்வட்டங்களைச் சுற்றி ஜெபித்தால் போதும். கலைத்த கல்லைத் திரும்ப அடுக்கிவிடலாம். 1780 வாக்கில் தீவிலிருந்த தவக் குகை நிரந்தரமாக மூடப்பட்டபின், அதனுள் அடைந்திருக்கும் தவம் சிற்றாலயத்தில் கண்விழிப்பாக மாறியது. இன்றும் முழு யாத்திரை மூன்று நாள்: நாளுக்கு ஒரு வேளை காய்ந்த ரொட்டியும் பால் சேர்க்காத தேநீரும், 24 மணி நேரம் தூக்கமின்மை. பசியைவிடத் தூக்கம்தான் ஆளைச் சாய்க்கும்.