பவுல் எப்படி அப்போஸ்தலர்?

அன்புள்ள ஐயா,

அப்போஸ்தலர் என்றால் பன்னிரண்டு பேர் என்றுதான் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். பவுல் அந்தப் பன்னிரண்டில் இல்லை. இயேசுவோடு நடந்தவரும் இல்லை. பிறகு எப்படி அவர் அப்போஸ்தலர்? ஆதி சபையில் யார் வேண்டுமானாலும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடிந்ததா?

எம்.

அன்புள்ள எம்.,

பன்னிருவர் எல்லோரும் அப்போஸ்தலர். ஆனால் அப்போஸ்தலர் எல்லோரும் பன்னிருவரைச் சேர்ந்தவர்கள் இல்லை. இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் பெரும்பாலும் அப்போஸ்தலர் நடபடிகள் நூலை எழுதிய லூக்காவிடமிருந்து வருகிறது. யூதாஸின் இடத்துக்கு ஆள் தேடும்போது பேதுரு நிபந்தனை வைக்கிறார் (நடபடிகள் 1): யோவானின் ஞானஸ்நானம் முதல் இயேசு பரமேறிய நாள்வரை கூடவே இருந்தவராக இருக்க வேண்டும். இருவரை நிறுத்தினார்கள், சீட்டு மத்தியாவுக்கு விழுந்தது. இந்த நிபந்தனைப்படி பவுல் தேறமாட்டார். அந்த நூலில் 14ஆம் அதிகாரத்தில் மட்டும்தான், அதுவும் பர்னபாவோடு சேர்த்து, அவருக்கு அப்போஸ்தலர் என்ற பெயர் கிடைக்கிறது. பின்னால் செபெதேயுவின் மகன் யாக்கோபை ஏரோது வாளால் கொன்றபோது அவர் இடத்துக்கு யாரையும் தேடவில்லை. பன்னிருவர் என்ற அணி வாரிசு வைத்துத் தொடரவில்லை.

பவுலின் கடிதங்கள் இதைவிடப் பழையவை, அவற்றில் வட்டம் பெரிது. உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்களை 1 கொரிந்தியர் 15இல் வரிசைப்படுத்துகிறார்: கேபா (பேதுரு), பன்னிருவர், 500க்கு மேற்பட்டோர், இயேசுவின் சகோதரர் யாக்கோபு, பிறகு ‘அப்போஸ்தலர் எல்லோரும்’, கடைசியில் தான். பன்னிருவரைச் சொன்ன பிறகும் அப்போஸ்தலர் மிச்சமிருக்கிறார்கள், பாருங்கள். அவர் காட்டும் சான்றுகள் இரண்டு: கர்த்தரைக் கண்டேன், நான் நிறுவிய சபையே எனக்கு முத்திரை (1 கொரிந்தியர் 9). ரோமர் 16:7இல் அந்திரோனிக்குவோடு வரும் யூனியாவை 4ஆம் நூற்றாண்டின் பிரசங்கியார் கிறிசோஸ்தோம் அப்போஸ்தலராக எண்ணப்பட்ட பெண் என்றே புகழ்ந்தார். பிற்காலத்தவர் அவரை ஆணாக்கியது அநியாயம்.

சிக்கல் சாப்பாட்டில் வந்தது. ஊர் ஊராகப் போகிற அப்போஸ்தலரைச் சபைதான் போஷிக்க வேண்டும். பவுல் கொரிந்துவில் கூலி வாங்காமல் கூடாரத் தொழில் செய்து பிழைத்தார். ‘உண்மையான அப்போஸ்தலன் என்றால் உரிமையோடு வாங்கியிருப்பானே’ என்று அதையே அவருக்கு எதிராகத் திருப்பியவர்கள் இருந்தார்கள். 2 கொரிந்தியர் 11இல் அவர் கொதிப்பது இதனால்தான்.

இந்த நெருக்கடிக்குச் சட்டமே எழுதிவைத்தது தீதாகே என்ற சிறுநூல், ஆதி சபைகளுக்கான நடைமுறைக் கையேடு. முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியது என்பது பலர் கருத்து. 1056இல் எழுதப்பட்ட அதன் பிரதியை 1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் பிரியென்னியோஸ் என்ற கிரேக்கத் திருச்சபை அறிஞர் கண்டெடுத்தார். 11ஆம் அதிகாரம் இப்படிப் போகிறது: வரும் அப்போஸ்தலரைக் கர்த்தரைப் போல் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு நாள் தங்கலாம், தேவையானால் மறுநாளும். மூன்று நாள் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. போகும்போது அடுத்த தங்குமிடம்வரைக்கான அப்பம் மட்டும் கொடுங்கள். பணம் கேட்டால் அவனும் கள்ளத் தீர்க்கதரிசி.

ஆக, சொல்லிக்கொள்ள யாருக்கும் தடை இல்லை. சோதித்துப் பார்க்கும் பொறுப்பு விருந்து வைக்கும் சபைக்கு இருந்தது. அதே நூலின் 15ஆம் அதிகாரத்தில், கண்காணிகளையும் (பிஷப்கள்) உதவிக்காரர்களையும் (டீக்கன்கள்) நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள், அவர்களை அலட்சியம் செய்யாதீர்கள் என்று வருகிறது. பயணம் வருகிறவருக்கு இருந்த மதிப்பு உள்ளூர்க்காரருக்கு இன்னும் வந்து சேரவில்லை.