பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்குகிறதா? முதலில் எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: குளச்சலில் மீன் ஏற்றிக்கொண்டு மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகக் கேரளாவுக்கு பிக்கப் ஓட்டுகிறேன். ராத்திரி பின்விளக்கு இரண்டும் நன்றாக எரியும். பிரேக்கை மிதித்தால் வலது பக்கம் மட்டும் அணையாத குறையாக மங்கிவிடுகிறது. வலது இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மினுக்குகிறது. மூன்று தடவை பல்பு மாற்றிவிட்டேன். ஒயரிங் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள். சில நாள் பியூஸும் போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஒயரிங்கை இப்போது மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் இரண்டும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. வலது பின்விளக்கின் எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் இணைப்பு, போயிருக்கிறது.

அது எப்படி என்று புரிந்துகொண்டால் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது. பின்விளக்கில் இருப்பது அடியில் இரண்டு முனை உள்ள டபுள் காண்டாக்ட் பல்பு. அதற்குள் இரண்டு இழைகள் உண்டு. 5 வாட் இழை ராத்திரி விளக்குக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. இரண்டும் பல்பின் உடம்பில் சேர்ந்து, எர்த் ஒயர் வழியாக சேசிஸுக்கும் (வண்டியின் இரும்புச் சட்டம்) அங்கிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்கும் போகின்றன. பெரும்பாலான வண்டிகளில் பக்கத்து இண்டிகேட்டருக்கும் அதே எர்த்தான். அந்த வழி அடைபட்டால் மின்சாரம் வேறு வழி தேடும். 5 வாட் இழையைக் கடந்த மின்சாரம் பிரேக் இழைக்குள் பின்பக்கமாக நுழைந்து, பிரேக் ஒயர் வழியே இடது பக்கப் பல்புக்குப் போய், அங்கே உள்ள நல்ல எர்த்தில் இறங்கிவிடும். அதனால்தான் சும்மா பார்த்தால் விளக்கு சரியாக எரிவதுபோல இருக்கிறது. பிரேக்கை மிதித்ததும் அந்தப் பிரேக் ஒயரிலும் 12 வோல்ட் வந்துவிடும். வாய்க்காலின் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால் ஓட்டம் இருக்குமா? இண்டிகேட்டர் ஒயர் வழியாகக் கொஞ்சம் கசிவதில்தான் மங்கலாகவாவது தெரிகிறது.

இன்று ராத்திரி வண்டியின் பின்னால் நின்று பாருங்கள். இண்டிகேட்டர் எரியும்போது பின்விளக்கு மங்கி, அது அணையும்போது இது பிரகாசமானால், எர்த் கோளாறு என்று ஏறக்குறைய உறுதி.

அதற்கு முன் பல்பைக் கழற்றி ஒரு தடவை பாருங்கள். டபுள் காண்டாக்ட் பல்பின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு முள்ளும் வெவ்வேறு உயரத்தில் இருக்க வேண்டும். அவசரத்தில் யாராவது சிங்கிள் காண்டாக்ட் பல்பை அழுத்திச் செருகியிருந்தால், ஹோல்டருக்குள் இரண்டு காண்டாக்டும் ஒன்றாகி, இதேபோல் குழப்பம் வரும்.

பல்பு சரியா? அப்புறம் ஒரு மீட்டர் நீளத்தில் தடிமனான ஒயரை எடுத்து, ஒரு முனையை விளக்கின் எர்த் காண்டாக்டிலும் மறு முனையை சேசிஸில் பெயிண்ட் சுரண்டிய இடத்திலும் தொட வையுங்கள். விளக்கு சரியாகிவிட்டால் கோளாறு பிடிபட்டது. மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. அதை 20 வோல்ட் டிசியில் வைத்து, சிவப்பு முனையை விளக்கின் எர்த்திலும் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்து, ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நலம். வோல்ட் கணக்கில் ஏறினால் அங்கேதான் நோய். பிரேக்கை மிதிக்காமல் அளந்தால் ஒன்றும் தெரியாது.

மீன் வண்டிகளில் இது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? குளச்சலில் நான் பார்த்த ஒரு வண்டியில், பெட்டிகளின் ஐஸ் உருகிய தண்ணீர் பின்கதவின் வலது மூலையில் சொட்டிக்கொண்டே இருந்தது. சொட்டு விழுந்த இடத்தில்தான் எர்த் போல்ட். தலை துருவேறி இருந்தது, லக்கின் (ஒயர் முனையில் மாட்டும் வளையம்) செம்பு பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. ஒயரை வெட்டினால், மேலே பிளாஸ்டிக் புதுசு போல இருக்க, உள்ளே இழைகள் கருத்துக் கிடந்தன. உப்புநீர் இழைகளுக்கு நடுவே ஏறிவிடும். மூன்று விரல் நீளம் வெட்டிய பிறகுதான் பளபளக்கும் செம்பு வந்தது. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் அந்த இடம் காயவும் நேரம் கிடைப்பதில்லை.

சரிசெய்யும் முறை இதுதான். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். எர்த் போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தை உப்புத்தாளால் வெள்ளையாகத் தேயுங்கள். நல்ல செம்பு வரும்வரை ஒயரை வெட்டி, புது லக் அழுத்தி, பல்வாஷர் போட்டு முறுக்குங்கள். அதன் மேல் வாசலின் தடவுங்கள். ஹோல்டரில் களிம்பு ஏறியிருந்தால் சுரண்டிப் பார்க்க வேண்டாம், ஹோல்டரையே மாற்றிவிடுங்கள். அப்புறம் பெட்டித் தண்ணீர் வடியும் குழாயை விளக்கைத் தாண்டி நீட்டிவிடுங்கள். இதை மறந்தால் அடுத்த மழைக்கு மறுபடியும் இதே வேலைதான்.

பியூஸ் போவது தனிக் கோளாறு. பிரேக் பல்பு இரண்டும் சேர்ந்து 42 வாட், அதாவது 3.5 ஆம்பியர்தான். 10 ஆம்பியர் பியூஸ் போகிறதென்றால் எங்கோ ஒயர் உரசி ஷார்ட் ஆகிறது. தயவுசெய்து பியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றாதீர்கள். ஒயர் சூடேறித் தீப்பிடித்துவிடும். பிரேக் பல்புகளைக் கழற்றிவிட்டு, பியூஸ் இருக்கும் இடத்தில் இரண்டு ஒயர் வைத்து 21 வாட் பல்பு ஒன்றை இணைத்து, பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். பல்பு எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. எரியும்போதே ஒயரை முன்பக்கமிருந்து அசைத்துக்கொண்டே வாருங்கள். பின் ஸ்பிரிங் பட்டை அருகிலும் சேசிஸ் ஓரத்தில் ஒயரைக் கட்டிய கிளிப்புகளிலும் கூடுதல் கவனம் வேண்டும். எந்த இடத்தில் கை வைத்தபோது பல்பு அணைகிறதோ, அங்கே டேப்பைப் பிரித்துப் பாருங்கள்.