"தனிப்பட்ட தகவல்" எண்டு திருப்பி அனுப்பினால்? தகவல் உரிமைக் கேள்வி பதில்

கிளிநொச்சியிலிருந்து: அண்ணை, இரணைமடுக் குளத்துத் தண்ணியில செய்யிற சிறுபோக நெல் விதைப்புக்கு ஆர் ஆருக்கு எத்தினை ஏக்கர் குடுத்தவை எண்டு பட்டியல் கேட்டன். "மற்றவரின் தனிப்பட்ட தகவல், தர இயலாது" எண்டு கடிதம் வந்திருக்கு. இனி?

பதில்: விடாதேங்கோ தம்பி. இலங்கையின்ர 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தில் 5(1)(அ) பிரிவை முழுசா வாசியுங்கோ. பொது அலுவலோடு தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் நியாயமின்றித் தலையிடுகிற தகவலைத்தான் மறுக்கலாம். பொதுநலன் அதைவிடப் பெரிதெண்டால் அதையும் குடுக்கத்தான் வேணும். குளத்துத் தண்ணி எல்லாருக்கும் சொந்தம். அதில் பங்கு எடுத்தவரின் பேரும் ஏக்கரும் எப்படி அந்தரங்கமாகும்? அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இருந்தால் அதை மறைச்சுப்போட்டு மிச்சத்தைத் தரச் சட்டத்தில் இடமிருக்கு. 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு, அதாவது அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டைப் பார்க்கிறவருக்கு, மேன்முறையீடு போடுங்கோ.

மாங்குளத்திலிருந்து: நீதிமன்றம் இதைப்பற்றி ஏதும் சொல்லியிருக்கா?

பதில்: ஓம். சொத்து விபரம் கையளித்த பாராளுமன்ற உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலை ஒரு ஊடகவியலாளர் கேட்டார். பாராளுமன்றம் மறுத்தது. குடுக்கச் சொல்லித் தகவல் உரிமை ஆணைக்குழு கட்டளையிட, 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வேறு சட்டங்கள் முரண்பட்டால் தகவல் உரிமைச் சட்டமே மேவும் எண்டு 4ஆம் பிரிவு சொல்லுது. உங்கட மேன்முறையீட்டுக் கடிதத்தில் இந்தத் தீர்ப்பு, 4ஆம் பிரிவு இரண்டையும் எழுதுங்கோ.

நெடுங்கேணியிலிருந்து: பக்கத்து வீட்டுக்காரிக்கு அரசாங்கத்தின்ர அஸ்வெசும உதவிப்பணம் கிடைச்சது, எனக்கில்லை. அவவின்ர விண்ணப்பத்தைப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. அவவின்ர வருத்தமும் வருமானமும் அவவுக்குரியது. உங்களுக்கு எத்தினை புள்ளி, எதில் குறைஞ்சது எண்டு கேளுங்கோ.

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு அம்மா: 2009இல யுத்தம் முடியேக்க வட்டுவாகலில் மகனை ஆமியிட்டைக் கையளிச்சன். பதிவு கேட்கப் போனால் "என்னத்துக்கு?" எண்டு கேக்கினம். எனக்கு எழுதவும் தெரியாது.

பதில்: அம்மா, காரணம் சொல்லவேண்டியதில்லை, சட்டமே அப்படித்தான். விண்ணப்பத்துக்குக் காசும் இல்லை. நீங்கள் வாயால சொன்னால் போதும், தகவல் அலுவலர்தான் எழுதவேணும். பெத்த தாயிட்டை மகனின்ர அந்தரங்கம் எண்டு சொல்லிப் பதிவை மறைக்கிறது நியாயமில்லை எண்டுதான் நான் நினைக்கிறன். 14 வேலை நாளுக்குள்ள தருவினமோ இல்லையோ எண்டு முடிவு சொல்லவேணும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ குறித்தளிக்கப்பட்ட அலுவலரிட்டைப் போங்கோ. அங்கையும் சரிவராட்டில் இரண்டு மாதத்துக்குள்ள கொழும்பு ஆணைக்குழுவுக்கு எழுதுவம், கடிதத்தை நான் எழுதித் தாறன். விண்ணப்பம் கிடைச்சதெண்டு எழுத்தில அத்தாட்சி தரவேணும். அதை வாங்காமல் அந்த மேசையை விட்டு எழும்பாதேங்கோ.