ஸ்விஃப்ட் குறியீட்டில் பிழை: வங்கி கைவிரிக்க முடியுமா?

கேள்வி: வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவருக்கு வங்கி மூலம் பணம் அனுப்பினேன். படிவத்தில், பணம் பெறும் வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீட்டின் ஓர் எழுத்தை மாற்றி எழுதிவிட்டேன். மூன்று வாரமாகியும் பணம் அவரைச் சென்றடையவில்லை. "குறியீட்டை எழுதியவர் நீங்கள், எங்களுக்குப் பொறுப்பில்லை" என்கிறது வங்கி. பணத்தை மீட்க வழி உண்டா?

பதில்: வங்கி சொல்வது பாதி மட்டுமே சரி. வாடிக்கையாளர் தந்த குறியீட்டின்படியே பணம் அனுப்பப்பட்டிருந்தால், பிழையால் வரும் இழப்புக்கு வங்கி பொறுப்பாகாது என்பதே பல நாடுகளின் நிலைப்பாடு. ஆனால் பொறுப்பிலிருந்து விலக்களிக்கும் சட்டமே கடமையையும் சுமத்துவதுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டுப் பணப்பட்டுவாடா நெறிமுறையின் 88ஆவது பிரிவு, அத்தகைய பணத்தை மீட்க வங்கி நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்றும், மீட்க இயலாவிட்டால், வழக்குத் தொடரத் தேவையான, தன்னிடமுள்ள விவரங்களை வாடிக்கையாளர் எழுத்து மூலம் கேட்கும்போது தர வேண்டும் என்றும் கூறுகிறது. உங்கள் நாட்டில் இத்தகைய விதி இல்லையென்றால், நீங்கள் கையெழுத்திட்ட படிவத்தின் நிபந்தனைகளே முதல் ஆதாரம்.

பிழை எந்த இடத்தில் நேர்ந்தது என்பது முக்கியம். குறியீட்டின் முதல் நான்கு எழுத்துகள் வங்கியையும், அடுத்த இரண்டு நாட்டையும், அதற்கடுத்த இரண்டு இடத்தையும் குறிக்கும்; கடைசி மூன்று கிளைக்குரியவை, அவை இல்லாமலும் இருக்கலாம். ஐபான் எனப்படும் சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணில் இருப்பதுபோல் பிழையைக் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு இலக்கம் இதில் இல்லாததால், ஓர் எழுத்து மாறினாலும் அது வேறொரு வங்கியின் செல்லுபடியாகும் குறியீடாக அமைந்துவிடலாம். ஐபான் எண்ணின் முதல் இரண்டு எழுத்துகளும் நாட்டையே குறிப்பவை. உங்கள் படிவத்தில் ஐபான் ஒரு நாட்டையும் ஸ்விஃப்ட் குறியீடு தொடர்பில்லாத வேறொரு நாட்டையும் காட்டியிருந்தால், கண்ணுக்குத் தெரிந்த அந்த முரண்பாட்டைக் கவனிக்காமல் பணத்தை அனுப்பியது கவனக்குறைவு என்று வாதிட இடமுண்டு. நான் முதலில் தேடுவது அதைத்தான்.

வங்கி அனுப்பிய பணச் செய்தியின் நகலையும், 36 எழுத்துக்குறிகள் கொண்ட அதன் தனித்துவக் கண்காணிப்பு எண்ணையும் எழுத்து மூலம் கேளுங்கள். பணம் எந்த இடைநிலை வங்கியில் நிற்கிறது என்பதை அந்த எண்ணைக் கொண்டு உங்கள் வங்கி பெரும்பாலும் கண்டறிய முடியும். கூடவே, ரத்துக் கோரிக்கை அனுப்பும்படியும் அதே கடிதத்தில் வலியுறுத்துங்கள். நகலில் உள்ள குறியீட்டை உங்கள் படிவத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறுபட்டால் பிழை ஊழியருடையது, பொறுப்பும் வங்கியுடையதே. பிழை உங்களுடையதுதான் என்றால், திரும்பி வரும் தொகையில் கட்டணமும் செலாவணி மாற்று வித்தியாசமும் கழிந்தே வரக்கூடும்.

பணம் வேறொருவர் கணக்கில் வரவாகியிருந்தால், பொதுவாக அவரது சம்மதமோ நீதிமன்ற ஆணையோ இன்றி வங்கி அதை எடுத்துத் தர முடியாது. தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்பதைப் பெரும்பாலான சட்ட முறைகள் ஏற்கின்றன. ஆனால் வங்கியோடு கடிதம் எழுதிக்கொண்டிருப்பதால் மட்டும், பணத்தைத் திரும்பக் கேட்டு அவர்மீது தொடரும் வழக்குக்கான காலவரம்பு நின்றுவிடாது.