ஹ்மாங் குடும்பங்களுக்கான சமூகப் பணி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரிலுள்ள ஒரு சேவை அமைப்பில், லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த ஹ்மாங் இனக் குடும்பங்களுக்கான முதியோர், பெண்கள், இளையோர் திட்டங்களைப் பல ஆண்டுகள் கவனித்துவந்தேன். நான் ஹ்மாங் இனத்தவள் அல்ல; தமிழ்நாட்டிலிருந்து போய்ச் சேர்ந்தவள். அந்த அனுபவத்தைக் கொண்டு, வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து ஒரு சமூகப் பணி மாணவி: லாவோஸ் மலைகளில் வாழ்ந்தவர்கள் பனி கொட்டும் மினசோட்டாவுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள்?

போர்தான் காரணம். 1960களின் தொடக்கத்திலிருந்து அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. லாவோஸில் மறைமுகமாக நடத்திய போரில், ஜெனரல் வாங் பாவ் தலைமையில் ஆயிரக்கணக்கான ஹ்மாங் ஆண்களும் சிறுவர்களும் அமெரிக்கத் தரப்பில் போரிட்டார்கள். 1975 மே மாதம் அவருடைய தலைமையகமான லாங் செங் தளம் கைவிடப்பட்டபோது விமானத்தில் இடம் கிடைத்தவர்கள் சிலரே. மற்றவர்கள் காட்டு வழியே நடந்து, மீகாங் ஆற்றைக் கடந்து, தாய்லாந்தின் பான் வினாய் போன்ற முகாம்களை அடைந்தார்கள். கடைசிப் பெரிய அலையாக, 2004 முதல் தாய்லாந்தின் வாட் தாம் கிராபோக் என்ற புத்த மடாலயத்திலிருந்து சுமார் 15,000 பேர் வந்தார்கள். 2010 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் ஏறத்தாழ 2,60,000 ஹ்மாங் மக்கள் இருந்தார்கள்.

அரசு முதலில் அவர்களைப் பல மாநிலங்களில் சிதறலாகவே குடியமர்த்தியது. அவர்களோ குலத்தவர் இருக்கும் ஊரைத் தேடி, தாங்களாகவே கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவுக்கும் செயின்ட் பாலுக்கும் விஸ்கான்சின் மாநில நகரங்களுக்கும் மாறினார்கள். அரசின் திட்டத்தைக் குலத்தின் கணக்கு மாற்றி எழுதியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், கீழே வரும் பதில்கள் எளிதில் புரியும்.

டொராண்டோவிலிருந்து ஒரு தமிழ்ச் சங்கத் தொண்டர்: நாங்கள் நடத்தும் முதியோர் நிகழ்ச்சிகளுக்கு ஆட்கள் வருவதில்லை. நீங்கள் எப்படி வரவழைத்தீர்கள்?

தொடக்கத்தில் எனக்கும் யாரும் வரவில்லை. ஒரு சனிக்கிழமை காலை நீரிழிவு குறித்த கூட்டத்துக்கு அறுபது நாற்காலிகள் போட்டு, சோறும் கோழிக் குழம்பும் தயாராக வைத்திருந்தேன். நான்கு பேர் வந்தார்கள். அந்த வாரம் நகரின் பெரிய குலங்களில் ஒன்றில் ஒரு மூத்தவர் இறந்திருந்தார் என்பதை மறுநாள்தான் அறிந்தேன். ஹ்மாங் இறுதிச் சடங்கு வழக்கமாக வெள்ளி அல்லது சனிக்கிழமை தொடங்கி, இரவும் பகலுமாகத் திங்கள்கிழமை வரை நீளும். சமைப்பவர், பாடுபவர், ஊதுபவர், விருந்தினரைக் கவனிப்பவர் என்று நெருங்கிய உறவினர் ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை உண்டு. அதைத் தவிர்த்துவிட்டு நீரிழிவுக் கூட்டத்துக்கு யார் வருவார்கள்?

அதன் பிறகு, தேதி குறிப்பதற்கு முன்பு இறுதிச் சடங்கு மண்டபங்களின் அட்டவணையைக் கேட்டறிவதை வழக்கமாக்கிக்கொண்டேன். நவம்பர், டிசம்பரில் வரும் புத்தாண்டையும், ஜூலை 4 ஒட்டி கோமோ பூங்காவில் நடக்கும் விளையாட்டு விழாவையும் நாட்காட்டியில் முதலில் குறித்துவிடுவேன். அழைப்பிதழ் அச்சடிப்பதையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு குலத்திலும் எல்லோரும் மதிக்கும் ஒருவரிடம் நேரில் போய்ச் சொல்ல ஆரம்பித்தேன். பொதுவாகப் பதினெட்டுக் குலங்கள் என்று கணக்குச் சொல்வார்கள்; வாங், ஸியாங், யாங், லீ, மூவா, தாவோ போன்றவை அவற்றுள் அடங்கும். உங்கள் சங்கத்தில் குலம் இல்லாமலிருக்கலாம். ஆனால் ஊர்க்காரர், கோயில்காரர் என்று ஏதோ ஒரு வலை இருக்கத்தான் செய்யும்.

சென்னையிலிருந்து ஒரு செவிலியர்: மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டால் மருத்துவமனைச் சிக்கல் தீர்ந்துவிடாதா?

பாதி தீரும். ஹ்மாங் மொழியில் உணர்வின் இருப்பிடம் இதயமல்ல, கல்லீரல். ‘ஷியா’ என்றால் கல்லீரல். நல்ல ஷியா என்றால் மகிழ்ச்சி, நீண்ட ஷியா என்றால் பொறுமை, அறுந்த ஷியா என்றால் மனவருத்தம், கடினமான ஷியா என்றால் துயரமும் மனச்சோர்வும். ஒரு மூதாட்டி தன் ஷியா கடினமாக இருக்கிறது என்று சொன்னதை அனுபவமில்லாத ஒருவர் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து, அந்த அம்மாவைக் கல்லீரல் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார். கல்லீரலைத் தாக்கும் ஹெப்பாடிடிஸ் பி ஹ்மாங் மக்களிடையே மிகுதி என்பதால் மருத்துவருக்கும் சந்தேகம் எழவில்லை. அந்த மூதாட்டியின் மனச்சோர்வு வெளியே தெரிவதற்குப் பல மாதங்கள் ஆயின.

மற்றப் பாதி நம்பிக்கை. அச்சத்தாலோ அதிர்ச்சியாலோ ஆன்மா உடலை விட்டு விலகினால் நோய் வரும் என்பதும், ட்சீ நெங் எனப்படும் சடங்கு மருத்துவர் அதைத் திரும்ப அழைக்க முடியும் என்பதும் அவர்களுடைய மரபு. கலிஃபோர்னியாவின் மெர்செட் நகரிலுள்ள மெர்சி மருத்துவமனை 2009இல் இதற்கென்றே விதிமுறை வகுத்து, பாதிரியாருக்குத் தரும் அனுமதி அட்டையைப் போலவே ட்சீ நெங்குகளுக்கும் தந்து, ஒன்பது சடங்குகளை நோயாளியின் படுக்கையருகே செய்ய அனுமதித்தது. சிறிய செயல்களுக்கும் மதிப்புண்டு: ஆன்மாவை உடலோடு பிணைத்து வைக்க மணிக்கட்டில் கட்டிய வெள்ளை நூலை, அறுவை சிகிச்சைக்கு முன் கேளாமல் கத்தரிக்கக் கூடாது. அதை மணிக்கட்டிலிருந்து சற்றே நகர்த்தி மேலே ஒட்டுப்பட்டை போட்டால் போதும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் ஒரு செவிலியர்தான்.

கோவையிலிருந்து ஓர் ஆசிரியர்: அவர்களுக்கு எழுத்து உண்டா? கையேடுகள் எந்த எழுத்தில் போடுகிறீர்கள்?

ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகள் உண்டு. 1950களின் தொடக்கத்தில் லாவோஸில் மதப் பணியாளர்கள் அமைத்த ரோமன் எழுத்துமுறைதான் பரவலானது. அதில் சொல்லின் ஈற்றில் வரும் மெய்யெழுத்து பொதுவாக உச்சரிக்கப்படாமல் தொனியை, அதாவது குரலின் ஏற்ற இறக்கத்தை, மட்டும் குறிக்கும். படிப்பறிவே இல்லாத விவசாயியான ஷோங் லூ யாங் என்பவர் 1959இல் ‘பஹாவ்’ என்ற முற்றிலும் புதிய எழுத்தைப் படைத்தார். 1971இல் அவர் கொல்லப்பட்டார்.

நான் ரோமன் எழுத்தில் நானூறு கையேடுகள் அச்சடித்தேன். பெரும்பாலானவை பெட்டியிலேயே கிடந்தன. முதியவர்கள் எதையும் படிப்பவர்கள் அல்லர். இளையவர்கள் ஆங்கிலம் படிப்பவர்கள். எந்நேரமும் பலர் ஒரே தொலைபேசி எண்ணில் இணைந்து கேட்கும் குழு அழைப்பு வானொலிகள் ஹ்மாங் முதியவர்களிடையே மிகவும் பிரபலம் என்பது பிறகே தெரிந்தது. கையேட்டின் உள்ளடக்கத்தை அதில் பேச்சாகத் தந்தபோது, ஒரே இரவில் கேள்விகள் குவிந்தன.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி: குலப் பெரியவர்கள் வழியாகவே எல்லாம் நடந்தால், கணவரிடம் அடிபடும் பெண் எங்கே போவாள்?

குலத்தின் துணையின்றித் திட்டம் நடக்காது. குலத்தின் கைக்குள் முழுவதுமாகப் போய்விட்டால் சில பெண்களுக்கு அத்திட்டமே ஆபத்து. குடும்பச் சண்டையை இரு தரப்புக் குலப் பெரியவர்கள் அமர்ந்து பேசித் தீர்ப்பது மரபு. பெரும்பாலும் அவர்கள் ஆண்கள். பெண்ணைச் சமாதானப்படுத்தித் திருப்பி அனுப்புவதே பலமுறை முடிவாகிறது. அவள் தயங்குவதற்கும் ஆழ்ந்த காரணம் உண்டு. திருமணத்தின்போது ஒரு பெண் தந்தை வீட்டுத் தெய்வங்களிடமிருந்து கணவர் வீட்டுத் தெய்வங்களிடம் ஒப்படைக்கப்படுகிறாள். மணமுறிவுக்குப் பின் அவள் இறந்தால், சடங்கை எந்த வீட்டில் செய்வது என்பதே பெரிய கேள்வியாகிவிடும். மரபு முறையில் மட்டும் நடந்து, அரசில் பதிவாகாத திருமணங்களும் உண்டு. அத்தகைய நிலையில் நீதிமன்றத்தில் அவளுடைய உரிமை சிக்கலுக்குள்ளாகிறது.

ஆகவே பெண்களுக்கான உதவிக்குத் தனி வாசல், தனித் தொலைபேசி, தனிப் பணியாளர் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் கணவரின் குலத்தைச் சேர்ந்தவராக இருக்கவே கூடாது. இதை நாங்கள் பணியாளர் விதிகளில் எழுத்தாகவே சேர்த்தோம். சமரசம் பேசும் வேலையையும் ஏற்கவில்லை. இதனால் சில பெரியவர்கள் எங்களோடு ஓராண்டு பேசவில்லை.

சிங்கப்பூரிலிருந்து ஒரு இளைஞர்: பிள்ளைகள் மரபைக் கற்க ஆர்வம் காட்டுகிறார்களா?

நடனத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். மொழி வகுப்புக்குப் பெற்றோர் இழுத்து வருகிறார்கள். நான் கண்ட சிறந்த விளைவு இறுதிச் சடங்கிலிருந்து பிறந்தது. சடங்கில் பாடப்படும் வழிகாட்டுப் பாடல், இறந்தவர் வாழ்ந்த ஒவ்வோர் ஊரின் பெயரையும் பின்னோக்கிச் சொல்லி, அவருடைய நஞ்சுக்கொடி புதைக்கப்பட்ட பிறந்த வீடுவரை ஆன்மாவை அழைத்துச் செல்லும். ஆறு மூங்கில் குழல்கள் கொண்ட ‘கேங்’ கருவியும் சொற்களையே ஒலியாக ஊதும். தெரிந்தவருக்கு அது பேச்சு.

பாட்டியின் ஊர்ப் பட்டியலை இப்போதே எழுதிவாருங்கள் என்று பதின்வயதினருக்கு வேலை கொடுத்தோம். செயின்ட் பாலில் மூன்று வீடுகள், ஃபிரெஸ்னோ, பான் வினாய் முகாம், பெயர் மட்டும் நினைவிருக்கும் ஒரு மலைக் கிராமம் என்று ஒரு பெண் எழுதிவந்த தாளில், கடைசி வரிக்கு நேரே ‘இதை இதுவரை யாரும் கேட்டதில்லையாம்’ என்று ஒரு குறிப்பும் இருந்தது.

சேலத்திலிருந்து ஒருவர்: பணம் எங்கிருந்து வருகிறது?

அகதிகளுக்கான மத்திய நிதி, வந்த முதல் சில ஆண்டுகளுக்கே உதவும். பண்பாட்டுப் பணிக்கு மினசோட்டாவில் ஒரு நல்ல வழி இருக்கிறது: 2008இல் வாக்காளர்கள் ஏற்ற அரசியலமைப்புத் திருத்தத்தின்படி விற்பனை வரி 0.375 சதவீதம் உயர்ந்தது, அதில் 19.75 சதவீதம் கலைக்கும் பண்பாட்டுக்கும் போகிறது. அது 2034 வரைதான். மானியத்தை மட்டும் நம்பாதவர்களும் உண்டு. 2011இல் தொடங்கிய ஹ்மாங் அமெரிக்க விவசாயிகள் சங்கம், மினசோட்டாவின் டகோட்டா கவுண்டியில் (மாவட்டத்தில்) 155 ஏக்கர் நிலத்தை உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுத்துப் பயிர் செய்யவைக்கிறது. எங்கள் நீரிழிவுக் கூட்டத்துக்கு வராத முதியவர்களில் பலரை, காலை ஆறு மணிக்கு உழவர் சந்தையில் பாகற்கொடித் தளிரும் கொத்தமல்லியும் அடுக்கிக்கொண்டிருக்கக் கண்டேன். பிறகு சர்க்கரை அளவு பார்க்கும் கருவியை அங்கேயே கொண்டுபோனோம்.