கேள்வி-பதில்: ஆயில் டப்பாவின் பின்பக்கம்

கே: பைக்கில் ஆயில் மாற்றக் கொடுத்தேன். 'காருக்கு ஊத்துற ஒசத்தி சரக்கு' என்று கூடக் காசு வாங்கிக்கொண்டு ஊற்றினார்கள். இப்போது மேட்டில் எஞ்சின் இரைகிறது, வண்டி ஏற மாட்டேன் என்கிறது. (குடியாத்தம்)

ப: தப்பு உங்கள் மேல் இல்லை. கியர் பைக்குகளில் பெரும்பாலும் கிளட்ச் பிளேட்டும் எஞ்சின் ஆயிலில்தான் ஊறிக்கிடக்கும். கார் ஆயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்திருப்பார்கள். அதில் பிளேட் வழுக்கும். உங்களுக்கு வேண்டியது டப்பாவில் ஜாஸோ (ஜப்பான் வாகனத் தரக் குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டது. எம்பி என்றிருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. இருப்பதை வடித்துவிட்டு எம்ஏ2 ஊற்றிப் பாருங்கள். பிளேட் கருகாமல் இருந்தால் பிடிப்பு திரும்பிவிடும். செலவைக் கடைக்காரரிடமே கேளுங்கள். மறுத்தால் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள்.

கே: 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40 இரண்டில் எது தரம்? (ராணிப்பேட்டை)

ப: இரண்டும் தரத்தைச் சொல்லவே இல்லை. அந்த எண் எஸ்ஏஇ (அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம்) கணக்கில் ஆயிலின் கெட்டித்தன்மை, அவ்வளவுதான். டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிரில் எப்படி, பின்னால் இருப்பது எஞ்சின் சூட்டில் எப்படி என்று. தரம் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எழுத்தில் இருக்கிறது. பெட்ரோலுக்கு எஸ்: எஸ்எல், எஸ்எம், எஸ்என், 2020-இல் வந்த எஸ்பி. டீசலுக்கு சி: சிஎச்-4, சிஐ-4, சிகே-4. இதை ஏன் டப்பாவின் பின்னால் எறும்பு சைஸில் அச்சடிக்கிறார்கள் என்பதுதான் என் தீராத எரிச்சல். முன்பக்கம் முழுக்கத் தங்க நிறம், சீறும் புலி, 'அல்ட்ரா'. காட்பாடியில் அப்படி ஒரு புலியை நானும் வாங்கினேன். வீட்டில் கண்ணாடி போட்டுப் படித்தால் எஸ்எஃப்! 1988-க்குப் பிறகு வந்த பெட்ரோல் எஞ்சின்கள் பெரும்பாலானவற்றுக்கு ஆகாது என்று ஏபிஐயே ஒதுக்கிய வகை. வீட்டு கேட்டின் கீலுக்குத்தான் உதவியது.

கே: வேன் கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 வகை கியர் ஆயில் கேட்டேன். ஜிஎல்-5 தான் ஒரு படி மேல் என்கிறார் மெக்கானிக். (ஆம்பூர்)

ப: இது பள்ளிக்கூட வகுப்பு இல்லை, ஐந்தாவது நான்கைவிடப் பெரிது என்பதற்கு. பின் ஆக்ஸில் கிரவுன் பல்லின் அழுத்தத்துக்காக ஜிஎல்-5-இல் கந்தகச் சேர்க்கை அதிகம். சில கியர்பாக்ஸ்களில் பித்தளை வளையங்களை அது அரித்துவிடும். வண்டிப் புத்தகத்தில் ஜிஎல்-4 என்றால் ஜிஎல்-4.

கே: பீப்பாயில் சில்லறையாக ஊற்றித் தருகிறார்கள், பாதி விலை. பில் கிடையாது. வாங்கியது தப்பா? (வாலாஜா)

ப: ஆமாம்.

கே: காலி கேனைப் பழைய இரும்புக்காரரிடம் போடலாமா? (பாகாயம்)

ப: லேபிளைக் கிழித்து, அடியில் ஆணியால் ரெண்டு ஓட்டை போட்டுவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் அதே கேன் நிரம்பி, மூடி போட்டு, ஏதோ ஒரு கடையில் உங்களுக்கே விலைக்கு வரும்.