மடிதான் பத்திரமா?

இந்தத் தடவை வந்த கடிதங்களில் முக்கால்வாசி குழந்தைகளோடு ஊருக்குக் கிளம்புவது பற்றித்தான், லீவு நெருங்குகிறது என்று அதிலேயே தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் படித்து முடித்ததும் ஒன்று கண்ணில் பட்டது. விமானத்தில் போகிறவர்கள் பயந்து நடுங்கி இரண்டு பக்கம் எழுதுகிறார்கள். காரில் போகிறவர்கள் வாந்திக்கும் அழுகைக்கும் மட்டும் வழி கேட்கிறார்கள். பயம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் என்று பதில்களிலேயே சொல்கிறேன்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தையோடு முதல்முறை விமானத்தில் போகிறேன். காது வலியில் கத்திக்கொண்டே வரும் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். காதில் பஞ்சு வைத்தால் போதுமா?

பஞ்சினால் ஒரு பிரயோஜனமும் இல்லை, வலி உள்பக்கத்திலிருந்து வருவது. செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிரம்பிய சின்ன அறை ஒன்று இருக்கிறது, அதையும் தொண்டையின் பின்பக்கத்தையும் மெல்லிய குழாய் ஒன்று இணைக்கிறது. நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அந்தக் குழாய் திறந்து காற்றழுத்தத்தைச் சரிசெய்துவிடும். குழந்தைகளுக்கு அது குறுகலாக, சரிவு இல்லாமல் கிட்டத்தட்டப் படுத்த வாக்கில் இருப்பதால் சட்டென்று திறக்காது. விமானம் உயரே பறக்கும்போது உள்ளே இருக்கிற காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பது போலத்தான் இருக்கும், கீழே இறங்க இறங்க அது கூடிக்கொண்டே வந்து செவிப்பறையை உள்ளே அழுத்தும். அதனால் ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வலி அதிகம்.

இதைத் தெரியாமல் நான் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறேன். என் மூத்தவளுக்கு அப்போது ஏழு மாதம். விமானம் ஓடுபாதையில் ஓடத் தொடங்கியதுமே இருந்த பாலையெல்லாம் கொடுத்துவிட்டேன், அவளும் சமர்த்தாகக் குடித்துவிட்டுத் தூங்கிப்போனாள். ஆஹா, இவ்வளவுதானா என்று நினைத்தேன். இறங்கும்போது வீல் என்று எழுந்தாள், பாட்டில் காலி, அவள் வயிறு நிறைந்திருந்ததால் தண்ணீரையும் துப்பினாள். கடைசியில் கையைக் கழுவிக்கொண்டு வந்து சுண்டுவிரலை வாயில் வைத்தேன், அதைச் சப்பிச் சப்பித்தான் அடங்கினாள். ஆகவே பாலைப் பாதி பத்திரமாக வைத்திருங்கள். தரையைத் தொடுவதற்குச் சுமார் அரைமணி நேரம் முன்பே விமானம் இறங்க ஆரம்பித்துவிடும், அப்போது கொடுங்கள். தூக்கத்தில் விழுங்குவது குறைந்துவிடும் என்பதால், மனசு வராவிட்டாலும் அந்த நேரத்தில் எழுப்பிவிடுவது நல்லது.

சளி பலமாக இருந்தாலோ காதில் சீழ் இருந்தாலோ கிளம்புவதற்கு முன்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அப்புறம், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்கிற விதிக்குக் குழந்தையின் பாலும் உணவும் பொதுவாக விதிவிலக்கு. பையின் அடியில் புதைத்து வைக்காமல் மேலாக வைத்து, சோதனையில் அவர்கள் கேட்கும் முன் நீங்களே எடுத்துக் காட்டிவிட்டால் பேச்சே இருக்காது.

கேள்வி: இரவு விமானம். மூன்று வயதுப் பையன் தூங்குவதற்காகக் கொஞ்சம் சளி சிரப் கொடுத்துவிடலாம் என்கிறாள் என் தோழி. செய்யலாமா?

வேண்டாம். சில குழந்தைகளுக்கு அந்த மருந்து நேர்மாறாக வேலை செய்யும், தூங்குவதற்குப் பதில் சாவி கொடுத்த பொம்மை மாதிரி ராத்திரி முழுக்க ஆடுவார்கள். அதைவிட முக்கியம், அந்த வகை மருந்துகளில் ஒன்றான ப்ரோமெதசின் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூச்சையே மந்தமாக்கிவிடக்கூடும் என்பதால் அவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்று எச்சரிக்கை இருக்கிறது. தோழி நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: இரண்டு வயது வரை மடியில் வைத்துக்கொண்டே போகலாம் என்று விமானக் கம்பெனிகளே சொல்கின்றன. மகளுக்கு இருபத்திரண்டு மாதம். தனி சீட் வாங்குவது தண்டச்செலவு என்கிறார் கணவர்.

விதி அவர் பக்கம். நியாயம் கொஞ்சம் உங்கள் பக்கம். 1989-இல் அமெரிக்காவின் சியூ சிட்டியில் யுனைடெட் விமானம் ஒன்று அவசரமாகத் தரையிறங்க முயன்று நொறுங்கியது. அதில் தனி சீட் இல்லாத மடிக்குழந்தைகள் நான்கு பேர். அவர்களைக் காலடியில் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்வதுதான் அன்றைய வழிமுறை, அப்படியே சொன்னார் தலைமைப் பணிப்பெண். ஒரு குழந்தை பிழைக்கவில்லை. குழந்தைகளுக்குத் தனி சீட் கட்டாயமாக்க வேண்டும் என்று அந்தப் பெண்மணி அதன்பின் பல ஆண்டுகள் போராடினார்.

அப்படியும் அமெரிக்க விமானத் துறை அதைக் கட்டாயமாக்கவில்லை, தனி சீட்டும் குழந்தை இருக்கையும் நல்லது என்று பரிந்துரைப்பதோடு சரி. அவர்கள் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: டிக்கெட் செலவு கூடினால் குடும்பங்கள் விமானத்தை விட்டுவிட்டுக் காரில் கிளம்பும், அதில் சாகிற குழந்தைகள் இதைவிட அதிகம் இருப்பார்கள். அவ்வளவு வித்தியாசம் இரண்டுக்கும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பணம் இடம் கொடுத்தால் சீட் வாங்குங்கள். திடீர்க் குலுக்கலில் இருபத்திரண்டு மாதக் குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது, குலுக்கலே இல்லாவிட்டாலும் அந்த எடையை மணிக்கணக்கில் மடியில் சுமப்பது சும்மா இல்லை. கார் சீட்டையே எடுத்துப் போவதானால் விமானத்துக்கும் அனுமதி உண்டு என்று அதன் லேபிளில் போட்டிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் ஜன்னலோர சீட்டில்தான் பொருத்தவிடுவார்கள். இன்னொன்று, திரும்பி வருவதற்குள் மகளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டால் பொதுவாக அந்தப் பயணத்துக்குத் தனி டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும். கணவர் தேதியை ஒரு தரம் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி: ஒன்றரை வயதுப் பேத்தி. கார் சீட்டில் உட்கார வைத்தாலே முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அலறுகிறாள். என் மடியில் வைத்தால் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுகிறாள். மருமகள் விட மாட்டேன் என்கிறாள். பின் சீட்டில்தான் உட்காருகிறேன், மகனும் நிதானமாகத்தான் ஓட்டுகிறான். இதில் என்ன தப்பு?

அம்மா, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இதில் நான் உங்கள் மருமகள் கட்சி.

ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், நீங்கள் சொல்கிற அந்த நிதானமான வேகத்தில், கார் எதிலாவது மோதினால் கண் இமைக்கும் நேரத்தில் நின்றுவிடும். உள்ளே இருக்கிறவர்களுக்கு அது தெரியாதே, அதே வேகத்தில் முன்னால் போவார்கள். அந்தக் கணத்தில் பத்துக் கிலோக் குழந்தையைப் பிடித்து நிறுத்த, 250 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டையைத் தாங்குகிற பலம் வேண்டும். உங்கள் கையை விடுங்கள், எந்த பயில்வான் கைக்கும் அந்தப் பலம் கிடையாது. நீங்கள் பெல்ட் போடாமல் இருந்தால் உங்கள் எடை முழுவதும் பேத்தி மேல் வந்து விழும். ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போட்டாலும் கதை அதேதான், நடுவில் நசுங்குவது அவள்.

அவள் அலறுவதற்கு வருகிறேன். முதலில் வார்களைச் சரிபாருங்கள், வளர்கிற குழந்தைக்குப் போன மாதம் சரியாக இருந்த உயரம் இப்போது தோளை அறுக்கலாம். அதற்காகத் தளர்த்திவிடவும் கூடாது. தோளெலும்பு அருகே வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு கையில் வந்தால் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். தடிமனான ஸ்வெட்டர் போட்டு அதன் மேல் வாரை மாட்டாதீர்கள், மோதலில் துணி அமுங்கி வார் தொளதொளத்துப் போகும். வாரை மாட்டிவிட்டு மேலே போர்த்திவிடுங்கள்.

சீட் பின்பக்கம் பார்த்தபடி இருந்தால் முன்பக்கம் திருப்பிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். சின்னக் குழந்தைகளின் தலை உடம்போடு ஒப்பிட்டால் ரொம்பப் பெரிசு, கழுத்து அதைத் தாங்கப் பழகவில்லை. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் மோதலின் வேகத்தை முதுகும் தலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். குழந்தை கார் சீட்டுகளுக்காக ஐரோப்பிய நாடுகள் பின்பற்றுகிற ஆர்129 விதி குறைந்தது 15 மாதம் வரை அப்படித்தான் என்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018-இல் இன்னும் ஒரு படி மேலே போய், வயதுக் கணக்கை விட்டுவிட்டு, சீட்டின் எடை, உயர வரம்பு இடம் கொடுக்கிற வரை திருப்பாதீர்கள் என்றது. அந்த சீட்டை ஏர்பேக் வேலை செய்கிற முன் சீட்டில் மட்டும் எக்காரணம் கொண்டும் வைக்கக் கூடாது.

பழக்குவதற்கு, நின்றுகொண்டிருக்கிற காரில் தினமும் ஐந்து நிமிடம் விளையாட்டாக உட்கார வையுங்கள், பொம்மைக்கும் ஒரு பெல்ட் போடுங்கள். ஒரே ஒரு நாள் அழுகைக்கு இரங்கி மடிக்கு எடுத்தால், அழுதால் கிடைக்கும் என்று அடுத்த பத்து நாள் கணக்கு வைத்துக்கொள்வாள், அந்த வயதில் ஞாபகசக்தி அபாரம். நடுவழியில் தாங்கவே முடியாமல் அழுதால் பத்திரமான இடத்தில் காரை நிறுத்திவிட்டுத் தூக்குங்கள். நீண்ட தூரம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் எப்படியும் நிறுத்துங்கள். கைக்குழந்தைக்கு இது இன்னும் முக்கியம், சீட்டிலேயே வெகுநேரம் தூங்கினால் தலை முன்னால் கவிழ்ந்து, தாடை நெஞ்சில் பட்டு மூச்சு தடைபடலாம்.

உங்களுக்கு வேலை இல்லாமல் போய்விடவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கதை சொல்லுங்கள். நீங்களும் பெல்ட் போட்டுக்கொண்டு.

கேள்வி: ஆறு வயது மகன் காரில் ஏறி அரைமணியில் வாந்தி எடுக்கிறான். போரடிக்காமல் இருக்கட்டும் என்று மொபைல்கூடக் கொடுத்துப் பார்த்துவிட்டோம்.

மொபைல்தான் வில்லன். காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு நாம் நகர்கிறோம் என்கிறது, திரையைப் பார்க்கிற கண் இல்லை, சும்மா இருக்கிறோம் என்கிறது. இந்தச் சண்டையில் வயிறு அடி வாங்குகிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை இது சகஜம். தூரத்தில் தெரிவதைப் பார்க்கச் சொல்லுங்கள், கார் எண்ணும் விளையாட்டு ஆடுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கள். வயிறு முட்டவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். மாத்திரை டாக்டரைக் கேட்டு மட்டும். ஒரு பை, ஈரத்துணி, மாற்று டிரெஸ் மூன்றும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும், டிக்கியில் இருந்தால் இல்லாத மாதிரிதான்.

கேள்வி: குழந்தை காரில் அயர்ந்து தூங்குகிறது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு ஐந்து நிமிடம் கடைக்குப் போய்வரலாமா?

கூடாது. வெயிலில் நிற்கிற காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், ஜன்னலை லேசாகத் திறந்து வைப்பதால் பெரிய வித்தியாசம் வராது. குழந்தையின் உடம்பு நம்முடையதைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். கடையில் வரிசை நின்றால் உங்கள் ஐந்து நிமிடம் இருபதாகும். தூக்கிக்கொண்டே போங்கள், எழுந்தால் எழட்டும்.

கேள்வி: விமானத்தில் நாலு வயது மகள் முன் சீட்டை உதைத்துக்கொண்டே வருகிறாள். முன்னால் இருக்கிறவர் திரும்பித் திரும்பி முறைக்கிறார். என்ன சொல்லியும் நிறுத்தவில்லை.

பாவம், அவளுக்குத் தெரிந்து உதைப்பதில்லை. அந்த வயதில் முழங்கால் சீட் விளிம்புக்கு எட்டாது, கால் நேராக நீட்டிக்கொண்டு முன் சீட்டின் முதுகில் போய் முட்டும். ஷூவைக் கழற்றிவிடுங்கள், பாதிச் சத்தம் குறையும். அடுத்த தடவை டிக்கெட் போடும்போது நாலு பேரும் ஒரே வரிசை என்று அடம்பிடிக்காமல் இரண்டிரண்டாக, முன்னும் பின்னும் எடுங்கள். மகளுக்கு நேர் முன் சீட்டில் அவளுடைய அப்பாவையே உட்கார வைத்துவிடுங்கள்.